சுத்தமான வீடுகளைத் தேடிய நோய்

கிருமிகளின் கதை – அத்தியாயம் 9

சென்ற வாரம் 1916-ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க் நகரில் கதையை நிறுத்தியிருந்தோம். ஜூன் மாதம் புரூக்ளினில், இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில் இளம்பிள்ளை வாதம் தலைகாட்டியது. இரவு காய்ச்சலோடு படுத்த குழந்தை காலையில் எழுந்து நிற்க முயன்றபோது கால் மடங்கி விழுந்தது. ஆகஸ்டுக்குள் நகரின் ஐந்து வட்டாரங்களிலும் இந்தக் காட்சி.

நகரச் சுகாதார ஆணையர் ஹேவன் எமர்சனுக்கும் அவருடைய ஊழியர்களுக்கும் எதிரி யார் என்பதில் சந்தேகமே இல்லை. அழுக்குதான் எதிரி. காலராவும் டைபாய்டும் அழுக்கிலிருந்து வந்தவை. குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் வந்தபின் அவை பின்வாங்கின. இதையும் அதே வழியில் துரத்திவிடலாம் என்று நம்பினார்கள். தெருக்களைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினார்கள். ஈக்களுக்கு எதிராகப் பிரசாரம் நடந்தது. நோயைப் பரப்புகின்றன என்ற வதந்தியில் பல்லாயிரக்கணக்கான பூனைகள் கொல்லப்பட்டன. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரையரங்கின் கதவு மூடப்பட்டது. நோயில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் அவர்கள் நகரை விட்டு வெளியேற முடியாது. அண்டை ஊர்களின் எல்லையில் போலீஸார் நின்று குழந்தைகளோடு வந்த குடும்பங்களைத் திருப்பி அனுப்பினார்கள். நோய் கண்ட வீட்டு வாசலில் அறிவிப்புப் பலகை தொங்கியது. தனி அறை கொடுக்க வசதியில்லாத வீடுகளிலிருந்து குழந்தைகளை வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். பழியெல்லாம் இத்தாலியர்கள் தலையில் விழுந்தது.

கோடை முடிந்தபோது நியூயார்க்கில் மட்டும் சுமார் 9,000 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். சுமார் 2,400 பேர் இறந்திருந்தார்கள். நாடு முழுவதும் 27,000 பேருக்கு நோய், 6,000 சாவு.

கணக்குகளை வட்டாரவாரியாகப் பிரித்தபோதுதான் எவரும் எதிர்பாராதது வெளிப்பட்டது. மக்கள்தொகைக்கு ஏற்ற விகிதத்தில் நோய் மிகக் கடுமையாகத் தாக்கியது அடுக்குமாடிக் குடியிருப்புகள் பிதுங்கிய மன்ஹாட்டனை அல்ல. தோட்டமும் காற்றோட்டமுமாக வீடுகள் விலகி விலகி நின்ற ஸ்டேட்டன் தீவை.

அழுக்கைத் தேடிப் போன அதிகாரிகளைக் கடந்து, சுத்தமான வீடுகளுக்குள் இந்த நோய் எப்படி நுழைந்தது?

✽

விடைக்கு முன் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும். இது புதிய நோய் அல்ல. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான எகிப்தியக் கல் ஒன்றில், சூம்பிய காலோடு கோலூன்றி நிற்கும் ஒரு மனிதன் செதுக்கப்பட்டிருக்கிறான். இளம்பிள்ளை வாதத்துக்கு நமக்குக் கிடைத்த மிகப் பழைய சாட்சியாகப் பலரும் அதைக் கருதுகிறார்கள். ஆனால் அத்தனை நூற்றாண்டுகளிலும் இது ஊரை அடித்துப் போட்ட கொள்ளைநோயாகப் பெயர் வாங்கவில்லை. அங்கொரு குழந்தை, இங்கொரு குழந்தை என்று கால் சூம்பும், அவ்வளவுதான்.

அந்தக் குணம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாறியது. 1887-இல் ஸ்டாக்ஹோமில் 44 குழந்தைகள். 1894-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஆட்டர் க்ரீக் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் 132 பேர். அவர்களில் 18 பேர் இறந்தார்கள். சார்லஸ் கேவர்லி என்ற உள்ளூர் மருத்துவர் ஒவ்வொரு நோயாளியையும் பதிவு செய்து வைத்ததால் அது நமக்குத் தெரிகிறது. 1905-இல் சுவீடனில் ஆயிரத்துக்கும் மேல். ஸ்டாக்ஹோம், வெர்மான்ட், நியூயார்க் என்று அந்தப் பட்டியலைப் பாருங்கள். உலகிலேயே நல்ல குடிநீரையும் கழிவுநீர் வசதியையும் முதலில் எட்டிய நாடுகளில்தான் இந்த நோய் கொள்ளைநோயாக உருவெடுத்தது.

சுவீடன் மருத்துவர் ஈவார் விக்மன் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்து, ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடித்தார். கால் முடங்கியவர்கள் மட்டும் நோயாளிகள் இல்லை. இரண்டு நாள் காய்ச்சல், தலைவலி, வாந்தி என்று வந்து போனவர்களும் அதே நோயைத்தான் சுமந்தார்கள். எந்த அறிகுறியும் இல்லாதவர்களும் பரப்பினார்கள்.

அமெரிக்காவில் இதைப் பிடித்துக்கொண்டவர் வேட் ஹாம்ப்டன் ஃப்ராஸ்ட். பொதுச் சுகாதாரச் சேவையில் இளம் மருத்துவர். 1910-இல் அயோவா மாநிலத்தில் நோய் பரவியபோது, லேசான காய்ச்சலோடு தப்பித்தவர்களின் ரத்தத்திலிருந்து சீரம் எடுத்தார். அதைக் குரங்குச் சோதனையில் வைத்துப் பார்த்தபோது, பலருடைய சீரம் வைரஸை முறியடித்தது. நோய் வந்ததே தெரியாமல் அவர்கள் வென்றிருந்தார்கள். 1913-இல் ஃப்ராஸ்ட் வெளியிட்ட அறிக்கையில் ஒரு துணிச்சலான வாதம் இருந்தது: இந்த வைரஸ் அரிதானது அல்ல, மிகச் சாதாரணமானது, நெரிசலான ஊர்களில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே அதைச் சந்தித்து எதிர்ப்பு சக்தி பெற்றுவிடுகிறார்கள், சந்திக்காமல் வளர்ந்தவர்கள்தான் ஆபத்தில் இருக்கிறார்கள்.

1916-இன் புதிருக்கான விடை, மூன்று ஆண்டுகள் முன்னதாகவே அச்சில் இருந்தது! ஆனால் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தின் சைமன் ஃப்ளெக்ஸ்னர் அக்காலத்தில் மருத்துவ உலகின் பெரிய குரல். வைரஸ் மூக்கு வழியாக நேரே நரம்புக்குள் போகிறது என்று அவர் சொன்னார். அவர் பயன்படுத்திய குரங்கு இனம் வாய்வழியாக அந்த வைரஸை ஏற்கவில்லை என்பதால் வந்த முடிவு அது. மனிதக் குடலில் வைரஸ் இருப்பதை சுவீடன் ஆய்வாளர்கள் 1912-லேயே காட்டியிருந்தும், மூக்குக் கொள்கை கால் நூற்றாண்டு ஆட்சி செய்தது. 1937-இல் கனடாவின் டொரான்டோவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்கில் துத்தநாகக் கரைசலைப் பீச்சினார்கள். நோய் தடுக்கப்படவில்லை. சில குழந்தைகள் முகரும் சக்தியை இழந்ததுதான் மிச்சம்.

ஒரு பெரிய பெயர், ஒரு தவறான குரங்கு. அதற்கு ஒரு தலைமுறைக் குழந்தைகள் கொடுத்த விலை என்னை இன்றும் வருத்துகிறது.

இடையில், 1921 ஆகஸ்டில், காம்போபெல்லோ தீவில் விடுமுறையில் இருந்த 39 வயது அரசியல்வாதி ஒருவருக்குக் கால்கள் செயலிழந்தன. பெரும் பணக்காரக் குடும்பம். 14 வயது வரை வீட்டிலேயே ஆசிரியர் வைத்துப் படித்தவர். மற்ற பிள்ளைகளோடு மண்ணில் புரண்டு வளரும் வாய்ப்பே அமையாதவர். அவர் பெயர் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட். அவருக்கு வந்தது வேறொரு நரம்பு நோய் என்று பிற்காலத்தில் சில மருத்துவர்கள் வாதிட்டார்கள். அன்றைய மருத்துவர்கள் சொன்னது இளம்பிள்ளை வாதம். அவர் அமெரிக்க அதிபராகி, இந்த நோய்க்கு எதிரான நிதி திரட்டலை நாட்டின் இயக்கமாக்கியதை அடுத்த அத்தியாயங்களில் பார்க்கப்போகிறோம்.

ஃப்ராஸ்ட் சொன்னதை நிரூபிக்க ஒரு உலகப்போர் தேவைப்பட்டது.

✽

1943. கெய்ரோ.

யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் பாலும் சின்சினாட்டியின் ஆல்பர்ட் சேபினும் அமெரிக்க ராணுவம் அனுப்பிய குழுவில் எகிப்துக்கு வந்திறங்கினார்கள். பாலைவனப் போர்முனையில் இருந்த நேசநாட்டுப் படைவீரர்களுக்கு இளம்பிள்ளை வாதம் வந்துகொண்டிருந்தது. இருபது வயதைத் தாண்டிய, கட்டுமஸ்தான ஆண்கள். ஆனால் அவர்களைச் சுற்றி வாழ்ந்த எகிப்திய இளைஞர்களிடம் நோயே இல்லை. இங்கே அந்த நோய் அரிது என்று உள்ளூரில் சொன்னார்கள்.

பால் அதை நம்பவில்லை. கெய்ரோவின் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தார். அங்கே இருந்தார்கள் நோயாளிகள்: ஒரு வயது, இரண்டு வயதுப் பிள்ளைகள், துவண்ட கால்களோடு. கொள்ளைநோய் இல்லை என்பதால் அந்தப் பிள்ளைகள் எவர் கண்ணிலும் படவில்லை. வைரஸ் ஊரெங்கும் இருந்தது. பிறந்த கொஞ்ச காலத்திலேயே ஏறக்குறைய ஒவ்வொரு குழந்தையையும் அது தொட்டுவிட்டது. அதனால்தான் பெரியவர்களில் தாக்குவதற்கு ஆள் இல்லை. மான்செஸ்டரிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தவர்களுக்கு அது முதல் சந்திப்பு.

நம் நாட்டிலும் அதே காட்சி. அக்காலத்தில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையில் இந்த நோய் சிப்பாய்களைவிட அதிகாரிகளைத்தான் அதிக விகிதத்தில் தாக்கியது. அதிகாரி என்றால் வசதியான வீட்டில், தனி அறையில், தாதியின் கண்காணிப்பில் வளர்ந்தவர். இந்தியச் சிப்பாய்களிடம் நோய் மிகக் குறைவு.

இதற்குள் குடல் கொள்கையும் நிலைபெற்றுவிட்டது. மனித மலத்திலும் சாக்கடை நீரிலும் வைரஸ் இருப்பதை பாலும் சேபினும் தனித்தனியே காட்டினார்கள். இப்போது படம் முழுமையானது.

கழிவும் குடிநீரும் கலக்கும் ஊரில் குழந்தை சில மாத வயதிலேயே வைரஸை விழுங்கிவிடும். அப்போது அதன் ரத்தத்தில் தாயிடமிருந்து கருவிலேயே பெற்ற எதிர்ப்பொருள்கள் இன்னும் மிச்சமிருக்கும். வைரஸ் குடலில் பெருகும்; ரத்தத்தின் வழியாக நரம்புக்குப் போகும் பாதையைத் தாயின் கொடை அடைத்துவிடும். அந்தப் பாதுகாப்பில் குழந்தையின் உடல் தன்னுடைய எதிர்ப்பு சக்தியை உருவாக்கிக்கொள்ளும். ஊரில் சுத்தம் வந்ததும் இந்தச் சந்திப்பு தள்ளிப்போகிறது. ஐந்து வயதில், பதினைந்தில், முப்பதில் நிகழ்கிறது. தாய் கொடுத்தது எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். வயது ஏற ஏற முடக்கமும் மரணமும் கூடுகின்றன; முடக்கம் கண்ட குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேர் இறந்தால், பெரியவர்களில் 15 முதல் 30 பேர் இறக்கிறார்கள்.

அப்படியானால் சுத்தம் உடலைப் பலவீனப்படுத்திவிட்டதா? அழுக்கோடு அன்றாடம் பழகினால்தான் எதிர்ப்பு சக்தி நிலைக்குமா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது, இந்த உலகத்தின் உச்சியில் இருந்த ஒரு பனிக்கிராமத்தில்.

✽

அலாஸ்காவின் வடகோடி, பாயின்ட் பாரோ. 1949-இல் ஜான் பாலும் அவருடைய சகா ஜான் ரியர்டனும் அங்கே வாழ்ந்த இனுவிட் மக்களின் ரத்தத்தைச் சேகரித்தார்கள். வைரஸின் ஒரு வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தார்கள். சுமார் இருபது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதற்கு மேற்பட்டவர்களிடம் இருந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை வைரஸ் அந்த ஊருக்கு வந்து போயிருக்கிறது. அதன் பிறகு வரவில்லை.

இந்தச் சின்ன ஆய்வை நான் மிகப் பெரியதாக மதிக்கிறேன். அது இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் சொல்கிறது. ஒன்று, ஒரே ஒரு சந்திப்பு போதும். இருபது ஆண்டுகள் வைரஸை மறுபடி பார்க்காமலே அந்த உடல்கள் அதை நினைவில் வைத்திருந்தன. இரண்டு, அந்த இளைஞர்கள் எதிர்ப்பொருள் இல்லாமல் இருந்ததற்குச் சோப்பும் பாதாளச் சாக்கடையும் காரணமில்லை. அவை அங்கே கிடையாது. வைரஸ் வந்து சேரவில்லை, அவ்வளவே. அதே 1949-இல் கனடாவின் ஹட்சன் விரிகுடாவை ஒட்டிய செஸ்டர்ஃபீல்ட் இன்லெட் என்ற இனுவிட் குடியிருப்பில், எலும்பைத் துளைக்கும் குளிர்காலத்தில் இந்த நோய் புகுந்தது. திடகாத்திரமான வேட்டைக்காரர்கள் முடங்கினார்கள், இறந்தார்கள். அவர்களைப்போல் உடல் உரமேறியவர்களை எங்கே தேடுவது? உரம் இருந்தது, அறிமுகம் இல்லை.

ஆகவே ஸ்டேட்டன் தீவின் குழந்தைகளும் பலவீனமானவர்கள் அல்லர். அவர்களுக்கு அந்த வைரஸ் உரிய வயதில் அறிமுகமாகவில்லை என்பதே விஷயம்.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். அன்றும் பலருக்கு வந்தது, இன்றும் வருகிறது. அழுக்கிலேயே விட்டிருந்தால் இந்தக் கொள்ளைநோய் வந்திருக்காதே என்ற எண்ணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1952, அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதத்தின் மிக மோசமான ஆண்டு. 57,879 பேருக்கு நோய். 3,145 பேர் இறந்தார்கள். சரி, சுத்தம் என்ன கொடுத்தது? 1915-இல் அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் சுமார் 100 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 1950-இல் அது 30-க்கும் கீழே வந்துவிட்டது. பழைய விகிதமே நீடித்திருந்தால், சுமார் 39 லட்சம் குழந்தைகள் பிறந்த அந்த 1952-ஆம் ஆண்டில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பச்சிளம் குழந்தைகள் கூடுதலாக இறந்திருப்பார்கள். இந்த மீட்சியில் நல்ல உணவுக்கும் மருத்துவத்துக்கும் பங்குண்டு. ஆனால் நல்ல தண்ணீரும் நல்ல பாலும் இல்லாமல் இது நடந்திருக்காது.

அழுக்கு ஊர்களில் இளம்பிள்ளை வாதம் இல்லை என்பதும் பொய். கெய்ரோவின் அந்த வார்டை நினைத்துப் பாருங்கள். வைரஸ் தொற்றுகிற 200 குழந்தைகளில் ஒன்றுதான் முடங்கும். ஆனால் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் தொற்றினால்? 1980-களில் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் பிள்ளைகள் முடங்கியதாக மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் தவழ்ந்தும் கோலூன்றியும் பள்ளிக்கு வந்த அந்தப் பிள்ளைகளை நடுவயதைத் தாண்டிய வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அவர்கள்தான் அந்த “இயற்கையான” எதிர்ப்பு சக்திக்காக நாம் கொடுத்த விலை.

இன்னொன்றும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜான், மேலை நாடுகளில் மூன்று தவணை சொட்டு மருந்து கொடுத்த பலனை நம் குழந்தைகளிடம் அதே மூன்று தவணை கொடுக்கவில்லை என்பதை 1970-களிலேயே எடுத்துக்காட்டினார். குடலில் ஓயாமல் குடியேறும் வேறு கிருமிகளும் வயிற்றுப்போக்கும் அதற்கு முக்கியக் காரணங்கள். பின்னாளில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பத்துத் தவணைக்கு மேல் சொட்டு மருந்து குடித்த சில குழந்தைகளும் முடங்கினார்கள். அழுக்கு எதிர்ப்பு சக்தியை வளர்க்கும் என்று சொல்கிறவர்கள் இதை மறக்கக்கூடாது. இந்த நோயில், சொட்டு மருந்து தரவேண்டிய எதிர்ப்பு சக்தியையே அழுக்கு தடுத்தது.

அதிகச் சுத்தத்தால் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் கூடுகின்றன என்ற கருத்து வேறு கதை. 1989-இல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 17,414 பேரின் விவரங்களை வைத்து, அண்ணன் அக்காக்கள் நிறைந்த வீட்டின் பிள்ளைகளுக்கு மூக்கொழுகும் ஒவ்வாமை குறைவு என்று காட்டியதிலிருந்து அது தொடங்குகிறது. அதில் உண்மை உண்டு. மாட்டுத் தொழுவத்துக்கும் மண்ணுக்கும் அதில் பங்குண்டு. அதற்குத் தனி அத்தியாயமே வைத்திருக்கிறேன். ஆனால் தொழுவத்து நுண்ணுயிரியும் சாக்கடை வைரஸும் ஒன்றல்ல.

✽

சுத்தத்தைக் கைவிட முடியாது. அறிமுகம் இல்லாமலும் விட முடியாது. மீதமிருந்த வழி ஒன்றுதான்: நோயைக் கொடுக்காமல் அறிமுகத்தை மட்டும் கொடுப்பது.

பிட்ஸ்பர்க்கில் ஜோனஸ் சால்க் அதைத்தான் செய்தார். வைரஸை ஃபார்மலினில் கொன்று ஊசி மருந்தாக்கினார். 1954-இல் சுமார் 18 லட்சம் பள்ளிக் குழந்தைகள் பங்கேற்ற பரிசோதனை நடந்தது. அதன் முடிவை 1955 ஏப்ரல் 12 அன்று, மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் தாமஸ் ஃப்ரான்சிஸ் அறிவித்தார். ரூஸ்வெல்ட் இறந்து சரியாகப் பத்து ஆண்டுகள். மருந்து வேலை செய்கிறது, பாதுகாப்பானது என்றதும் ஊர் ஊராகத் தேவாலய மணிகள் ஒலித்தன. அம்மாக்கள் தெருவில் நின்று அழுதார்கள். அன்று மாலைக்குள் அரசு மருந்துக்கு உரிமம் வழங்கியது. லாரிகள் கிளம்பின.

இரண்டு வாரங்கள் ஆகவில்லை. மேற்கு மாநிலங்களிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் சிலருக்குக் காய்ச்சல், பிறகு முடக்கம். இளம்பிள்ளை வாதம் வழக்கமாகக் காலைத்தான் முதலில் பிடிக்கும். இந்தக் குழந்தைகளுக்கு முடங்கியது கை. மருந்தைச் செலுத்திய அதே கை.

(தொடரும்)